கபடியா, செவன்ஸ் ரக்பியா?

காரைக்குடிப் பக்கம் மகளைக் கபடியில் சேர்ப்பதா, செவன்ஸில் (முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ரக்பியின் ஏழு பேர் ஆட்டம்) சேர்ப்பதா என்று யோசிப்பவர்களுக்கு:

ஆட்கள்: இரண்டிலும் களத்தில் அணிக்கு ஏழு பேர்.

நேரம்: பெண்கள் கபடியில் பாதிக்கு 15 நிமிடம். செவன்ஸில் 7 நிமிடம்தான், ஆனால் ஓடி மாளாது.

இடம்: சிக்கலே இங்கேதான். கபடிக்கு நம்ம பெரிய வீட்டு முற்றமளவு போதும். செவன்ஸுக்கு 100 மீட்டர் நீளப் புல்தரை வேண்டும். சரளைச் செம்மண்ணில் டாக்கிள் (பந்தோடு ஓடுபவரைப் பிடித்துக் கீழே வீழ்த்துவது) வாங்கி விழுந்தால் முழங்கால் தோல் உரிந்துவிடும்.

வாய்ப்பு: கபடியில் நம் பெண்கள் 2010, 2014 ஆசிய விளையாட்டுகளில் தங்கம் வென்றவர்கள். ரக்பி அணி இப்போதுதான் வளர்கிறது. 2022இல் ஜகார்த்தாவில் ஆசிய செவன்ஸ் டிராபியில் வெள்ளி வாங்கியது பெரிய விஷயம். 2016 முதல் செவன்ஸ் ஒலிம்பிக்கில் இருக்கிறது, கபடி இல்லை.

ஊரிலேயே இருந்து ஆட வேண்டுமா, கபடி. நல்ல ஓட்டமும், வெளியூர் விடுதியில் தங்கத் துணிச்சலும் இருந்தால் ரக்பிக்கே அனுப்புங்கள். கபடியில் ஆளைப் பிடித்துப் பழகிய கைக்கு டாக்கிள் சீக்கிரம் வந்துவிடும்.