எட்டு சென்ட் மனையும் ஒரு வகுத்தல் கணக்கும்

அம்மாவுக்கு வீடு கட்டுவதற்காகச் சிங்கப்பூரிலிருந்து மூன்று வார விடுப்பில், பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் உள்ள எங்கள் ஊருக்குச் சென்று திரும்பியிருக்கிறேன். இதே வேலையாக ஊருக்குப் போகிறவர்களுக்குப் பயன்படும் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

எல்லாத் தளங்களின் பரப்பையும் கூட்டி மனையின் பரப்பால் வகுத்தால் கிடைக்கும் எண்ணைக் கேரளத்தில் எஃப்.ஏ.ஆர். என்றும், தமிழ்நாட்டில் எஃப்.எஸ்.ஐ. என்றும், சிங்கப்பூரில் பிளாட் (plot, அதாவது மனை) ரேஷியோ என்றும் சொல்கிறார்கள். விகிதம் 2 என்றால், கணக்குப்படி மனை முழுவதும் இரண்டு தளமோ, பாதி மனையில் நான்கு தளமோ கட்டலாம். ஆனால் சுற்றிலும் விட வேண்டிய இடம், மனையில் எத்தனை சதவீதம் கட்டடம் மூடலாம் என்ற வரம்பு, உயரம் ஆகியவை தனித்தனி விதிகளாதலால், சிறிய வீட்டை இந்த விகிதத்துக்கு முன்பே அவை நிறுத்திவிடுகின்றன. எங்கள் வீட்டில் கீழ்த்தளம் 1,200, மேல்தளம் 900 சதுர அடி, விகிதம் 0.7-ஐக்கூடத் தொடவில்லை.

கோவையில் இருக்கும் மச்சான், "ரெண்டு மடங்கு கட்டலாம், கவலைப்படாதீங்க" என்றார். தமிழ்நாட்டின் 2019 விதிகளில் உயரமல்லாத கட்டடங்களுக்கு அது சரியே. ஆனால் வாளையாறு எல்லையைத் தாண்டினால் கேரளப் பஞ்சாயத்துக் கட்டட விதிகள்தாம். எல்லையோர ஊர்களில் இந்தக் குழப்பம் அடிக்கடி வருகிறது.

எனக்கு வந்த சிக்கல் வகுக்கும் எண்ணில் இருந்தது. முதலில் வரைபடம் போட்டுக் கொடுத்தவர், ஆதாரத்தில், அதாவது நிலப் பத்திரத்தில், எழுதியிருந்த 8 சென்ட்டை, அதாவது 3,485 சதுர அடியை, அளந்து பார்க்காமல் அப்படியே எடுத்துக்கொண்டார். பிறகு வந்த பெண் எஞ்சினியர், "அண்ணா, முதல்ல கல்லைக் காட்டுங்க" என்றார். தென்கிழக்கு மூலைக் கல் புல்லுக்குள் புதைந்திருந்தது. மண்வெட்டியால் ஒரு முழம் தோண்டிய பிறகே அதன் தலை தெரிந்தது. டேப்பின் ஒரு முனையை நானே பிடித்தேன். வழி அகலப்படுத்த அப்பா காலத்தில் விட்டுக்கொடுத்த துண்டு போக, 7.25 சென்ட்தான் இருந்தது.

மனையில் 327 சதுர அடி குறைந்துவிட்டது. விகிதம் 2 உள்ள இடமாக இருந்தால், கட்டக்கூடிய பரப்பில் 650 சதுர அடிக்கு மேல் போய்விடும். வீட்டுக்கு இது தடையில்லை. ஆனால் முன்புறம் கடை, மேலே வாடகை வீடு என்று திட்டமிடுபவருக்கு அது ஒரு முழு வீட்டின் இழப்பு. வழியோரம் குறைந்ததால் முன்புறம் விட வேண்டிய இடமும் உள்ளே நகர்ந்தது, வராந்தாவைச் சுருக்க வேண்டியிருந்தது. தளப்பரப்பில் சுவர் சேருமா, கார் நிறுத்தும் இடம் சேருமா என்பதும் விதிக்கு விதி மாறுவதால், எண்ணைக் கேட்கும் முன் எதை அளக்கிறார்கள் என்று கேட்டுவிட வேண்டும்.

கேரள உள்ளாட்சிகளின் இணையச் சேவைத் தளமான கே-ஸ்மார்ட் பஞ்சாயத்துகளிலும் வந்துவிட்டதால் விண்ணப்பத்தை வீட்டிலிருந்தே போட முடிந்தது. சிங்கப்பூர் கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பு, 7.25 என்ற எண்ணுடன் அதை அனுப்பினோம்.