வில்பத்துத் தேசியப் பூங்காவுக்குக் குடும்பமாகப் போக நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

"எல்லாம் சேர்த்து 280,000 ரூபாய், அக்கா. நீங்கள் வானில் ஏறி இருந்தால் போதும், மிச்சத்தை நான் பார்க்கிறேன்."

இந்த ஒரு வசனத்தை நம்பித்தான் நாங்கள் ஏமாந்தோம். அதிலும் "எல்லாம் சேர்த்து" என்ற இரண்டு சொற்களில்.

ஆகஸ்ட் விடுமுறைக்கு ரொறன்ரோவிலிருந்து தங்கச்சி குடும்பம் வந்திருந்தது. அவர்கள் நாலு பேர், நாங்கள் நாலு பேர், 72 வயதில் என் மாமி. பிள்ளைகளுக்கு யானையும் சிறுத்தையும் பார்க்க வேண்டும். எனக்கு இன்னொரு ஆசையும் இருந்தது. நான் பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பிக்கிறவள். வில்பத்துக் காட்டுக்குள்தான் பொம்பரிப்பு இருக்கிறது. தமிழ்நாட்டு ஆதிச்சநல்லூரில் கிடைத்தது போன்ற ஈமத்தாழிகள், அதாவது அந்தக் காலத்தில் இறந்தவர்களை வைத்துப் புதைத்த மண்தாழிகள், கிடைத்த இடம். அதையும் தாண்டிக் கடற்கரைக்குப் போனால் குதிரைமலை. செம்மண் மேடு, கீழே கடல், அங்கே ஆண்டதாகச் சொல்லப்படும் அல்லி அரசாணியின் கதை. இத்தனை வருடமாக வகுப்பில் வாயால் சொன்ன இடங்களைப் பிள்ளைகளோடு நின்று பார்க்க வேண்டும் என்று நினைத்தேன்.

முகநூலில் விளம்பரம் போட்டுச் சுற்றுலா ஒழுங்கு செய்து தருகிற ஒருவர், யாழ்ப்பாண நகரத்துக்குள்ளேயே இருப்பவர், அகப்பட்டார். பொலிஸில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம், ஆகவே பெயரை இங்கே எழுதவில்லை. போனில் தேன் ஒழுகக் கதைத்தார். புதிய கேடிஎச் வான், பூங்காவுக்குள் இருக்கும் பங்களாவில் இரண்டு இரவு, முழு நாளுக்கு இரண்டு ஜீப், எல்லாருக்கும் நுழைவு ரிக்கெற், மத்தியானச் சாப்பாடு, பொம்பரிப்பு, குதிரைமலை. பங்களாவின் படமும் அனுப்பினார். விறாந்தையில் நின்றால் முன்னால் வில்லு என்று சொல்லும் இயற்கைக் குளம், தண்ணீரில் மான்கள். தங்கச்சி ஆட்கள் கனடா கடவுச்சீட்டுக்காரர் என்பதால் அவர்களுக்கு வெளிநாட்டார் கட்டணம் என்றார். நாலு பேருக்கும் அதற்கு மட்டும் 40,000 ரூபாய் கணக்குச் சொன்னார். அது சரிதான், வெளிநாட்டாருக்குக் கட்டணம் பல மடங்கு கூட. பாதிக் காசை வங்கியில் போட்டோம், மிச்சத்தை வான் ஏற முன்னம் வீட்டு வாசலில் வந்து வாங்கிக்கொண்டார்.

வந்தது கேடிஎச் இல்லை, பழைய டொல்பின் வான். ஏசி கொடிகாமம் தாண்ட முதலே நின்றுவிட்டது. அதைப் பெரிதாக எடுக்கவில்லை. முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக் கொறித்துக்கொண்டு, ஜன்னலைத் திறந்துவிட்டுப் பாட்டுப் பாடிக்கொண்டே வவுனியா, மதவாச்சி, அனுராதபுரம் என்று போனோம்.

இருட்டின பிறகு வான் போய் நின்றது நொச்சியாகமையில் புத்தளம் றோட்டுக் கரையில் ஒரு வீட்டு வாசலில். இரண்டு அறை, ஒன்பது பேர். "பங்களா எங்கே?" என்று போன் எடுத்தால், "கடைசி நேரத்தில் திணைக்களம் ரத்துச் செய்துவிட்டது அக்கா" என்றார். பிறகு விசாரித்தபோதுதான் தெரிந்தது. பூங்காவுக்குள் இருக்கும் அந்தப் பங்களாக்கள் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்குச் சொந்தமானவை. பதிவு செய்தால் திணைக்களத்தின் பற்றுச்சீட்டு கையில் இருக்க வேண்டும். அவரிடம் அப்படி ஒன்று எந்தக் காலத்திலும் இருக்கவில்லை. படத்தைக் காட்டினால் பற்றுச்சீட்டையும் காட்டு என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

விடிய ஐந்தரைக்கு ஜீப் வரும் என்றார். பூங்கா வாசல் ஆறு மணிக்குத் திறக்கும், மிருகங்கள் வெளியில் நிற்பது அந்த நேரம்தான். ஜீப் வந்தது ஏழுக்குப் பத்து நிமிடம் இருக்கையில், அதுவும் ஒன்றே ஒன்று. ஆறு பேர் வசதியாக இருக்கக்கூடியதில் ஒன்பது பேரும் ஏறினோம். திம்பிரிவெவவில் திரும்பி ஹுனுவிலகம வாசலுக்குப் போய்ச் சேர்ந்ததும், ரிக்கெற் எடுக்க நானும் வருகிறேன் என்று இறங்கப் போனேன். "வேண்டாம், நீங்கள் இருங்கோ" என்று வான் றைவர் தடுத்துவிட்டு, தானே இறங்கிப் போய் வரிசையில் நின்று எடுத்து வந்து ஜீப்காரரிடம் கொடுத்தார். அவர் ஏன் தடுத்தார் என்று அப்போது யோசிக்கவில்லை.

காட்டைப் பற்றிக் குறை சொல்ல மாட்டேன். 1,300 சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்ட காடு, இலங்கையில் இதைவிடப் பெரிய தேசியப் பூங்கா கிடையாது. போர்க்காலத்தில் 1988இல் மூடி, 2003இல்தான் திரும்பத் திறந்தார்கள். அதனால் எங்கள் வயதுக்காரர் பலருக்கு இது பெயரளவில் மட்டும் தெரிந்த இடம். மழைத் தண்ணீர் தேங்கி நிற்கும் வில்லுகள், கரையெல்லாம் புள்ளிமான், வாயைத் திறந்தபடி வெயில் காயும் முதலை. ஒன்பது மணியளவில் ஒரு சிறுத்தையையும் கண்டோம். மணல் பாதையில் நடுவில் படுத்திருந்தது, எங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஆனால் அதைக் காட்டுவதற்கு ஜீப்பை ஓட்டின ஓட்டத்தில், கரையில் நெருங்கி இருந்த மாமியின் இடுப்பு கம்பியில் மோதி அடிபட்டது. இன்றைக்கும் எண்ணெய் போட்டுத் தடவிக்கொண்டிருக்கிறார்.

மரதன்மடுவவில் நிறுத்தினார்கள். உள்ளே இறங்க அனுமதிக்கிற இடம், மலசலகூடமும் உண்டு. பிள்ளைகளைக் கூட்டிப்போய்விட்டு வரும்போது, ஜீப்பின் முன்கண்ணாடிக்குக் கீழே வெயிலில் சுருண்டுபோய்க் கிடந்த கடதாசி கண்ணில் பட்டது. எடுத்து விரித்துப் பார்த்தேன். எங்கள் நுழைவு ரிக்கெற். உள்நாட்டார், பெரியவர்கள் 5. உள்நாட்டார், பிள்ளைகள் 4. வெளிநாட்டார் என்ற வரிசையில் ஒன்றும் இல்லை.

தங்கச்சியிடம் கொடுத்தேன். அவள் இரண்டு தரம் வாசித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாங்கின காசில் மிகச் சிறிய பங்கைக் கட்டிவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொண்டது ஒரு பக்கம். வாசலில் யாராவது கடவுச்சீட்டைக் கேட்டிருந்தால், பொய் சொல்லி உள்ளே வந்தவர்கள் என்று பிள்ளைகளோடு தலைகுனிந்து நிற்கப்போவது ஒழுங்கு செய்தவர் இல்லையே, என் தங்கச்சி.

பதினொரு மணிக்கு ஜீப் வாசலை நோக்கித் திரும்பியது. என் கணவருக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். "முழு நாள் அல்லவா, பொம்பரிப்புக்கு எப்போது போவோம்?" என்று கேட்டார். ஜீப்காரர் உண்மையிலேயே திகைத்துப் போனார். தனக்கு அரை நாளுக்கு, ஒரு ஜீப்புக்குத்தான் காசு தந்தது, பின்னேரம் இரண்டு மணிக்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள் என்று சொல்லி, வந்த செய்தியைப் போனில் காட்டினார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. குதிரைமலைக்குப் போவதென்றால் விடிய வாசல் திறந்தவுடன் புறப்பட்டுப் பின்னேரம்தான் திரும்பலாம், அரை நாளில் அந்தப் பக்கம் யாரும் போவதில்லை என்று அவர்தான் விளங்கப்படுத்தினார்.

வெளியே வந்ததும் நானும் தங்கச்சியும் கடவுச்சீட்டுகளோடு ரிக்கெற் கொடுக்கும் இடத்துக்குப் போய் நடந்ததைச் சொல்லி, வித்தியாசக் காசைக் கட்டிப் பற்றுச்சீட்டு வாங்கினோம். ஒரே ரிக்கெற்றுக்கு இரண்டு முறை காசு. ஆனாலும் அதைக் கட்டாமல் வர எங்களுக்கு மனம் வரவில்லை.

மத்தியானச் சாப்பாடு வரவில்லை. ஒழுங்கு செய்தவருக்குப் போன் எடுத்தேன். "சிறுத்தை பார்த்தீர்கள்தானே அக்கா, பிறகென்ன?" என்றார். ரிக்கெற்றைப் பற்றிக் கேட்டதும் ஜீப்காரன் மாற்றிவிட்டான் என்றார். ரிக்கெற் எடுத்தது உங்கள் வான் றைவர் என்றதும் போன் கட்டாகியது. அதன் பிறகு என் இலக்கத்தையும் கணவரின் இலக்கத்தையும் தடுத்துவிட்டார். அடுத்த நாளே யாழ்ப்பாணம் திரும்பிவிட்டோம். காசு ஒரு சதமும் திரும்பி வரவில்லை.

போகிறவர்கள் தயவுசெய்து கேளுங்கள். வானுக்கு வேறாக, தங்குமிடத்துக்கு வேறாக, ஜீப்புக்கு வேறாகப் பேசுங்கள். மொத்தமாக ஒரு தொகையைச் சொல்லி, எதற்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்ட மறுப்பவரிடம் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். எங்களிடம் திருடின அத்தனையும் அந்த ஒற்றைத் தொகைக்குள்தான் மறைந்திருந்தது. அரை நாளா முழு நாளா, எந்த இடம் வரை என்று ஜீப்காரரிடமே நேரில் கேளுங்கள், சிங்களம் தெரிந்த ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். நுழைவு ரிக்கெற்றை நீங்களே போய் எடுங்கள், வெளிநாட்டிலிருந்து வந்தவர்களின் கடவுச்சீட்டைக் கையில் கொண்டு போங்கள். யார் தடுத்தாலும் இறங்குங்கள். சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் பதிவு இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள், எங்கள் ஆளிடம் அது இருக்கவில்லை. ஏமாந்துவிட்டால் 1977 என்ற இலக்கத்துக்கு எடுத்து நுகர்வோர் அதிகாரசபையிலும் முறையிடலாம். வங்கியில் காசு போட்ட சிட்டையையும் போனில் வந்த செய்திகளையும் அழிக்க வேண்டாம். எங்கள் முறைப்பாட்டில் கையில் இருக்கும் ஆதாரம் அவைதான்.

இன்னொன்று. போன கிழமை ஒரு சிநேகிதி, ஒழுங்கு செய்தவருடைய முகநூல் பக்கத்தில் புதிதாக வந்த படம் ஒன்றை எனக்கு அனுப்பினாள். பூங்கா வாசலில் ஜீப்புக்குள் இருந்து பிள்ளைகள் கை காட்டுகிறார்கள், மேலே "மகிழ்ச்சியான வில்பத்துப் பயணம், எல்லாம் சேர்த்து ஒரே விலை" என்று எழுதியிருக்கிறது. அதில் முன்னால் நீலத் தொப்பியோடு நிற்பவன் என் பெறாமகன். பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு இருப்பது என் மாமி. அந்தப் படத்தைப் பார்த்து அவருக்குப் போன் எடுக்கப் போகிறவர்கள், முதலில் எனக்கு ஒரு செய்தி போடுங்கள்.