ஸ்பிரிங்கை மாற்றிவிட்டு வியோஸ் தாளைக் கொடுத்த கடை

கிள்ளான் பக்கம் காரை இறக்க, அதாவது அதன் உயரத்தைக் குறைக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். கடைப் பெயரைப் போடவில்லை. விவகாரம் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போயிருக்கிறது.

என்னுடையது டொயோட்டா 86, செகண்ட் ஹேண்ட். லோவரிங் ஸ்பிரிங் போட்டு 30 மில்லிமீட்டர் இறக்கினேன். அழகுக்குத்தான், பொய் சொல்வானேன். ஸ்பிரிங், கூலி, நான்கு புது டயர், அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணத்தை அளந்து சரிசெய்வது) எல்லாம் சேர்த்து பில் 4,000 ரிங்கிட்டைத் தாண்டியது. பில்லோடு மடித்து ஒரு அலைன்மென்ட் தாளும் கொடுத்தார்கள். பிரித்துப் பார்த்தேன், எண்களெல்லாம் பச்சை. டேஷ்போர்டு பெட்டிக்குள் போட்டுவிட்டேன்.

ஐந்து மாதம், 7,000 கிலோமீட்டர். காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பா இறக்கத்தில் மழை. பெரிய வேகமில்லை, முன்னால் போன லாரிக்காக ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுத்தேன், அவ்வளவுதான். காரின் பின்பக்கம் பாம்பு மாதிரி இரண்டு முறை நெளிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா முருகனைக் கூப்பிட்டது இன்னும் காதில் இருக்கிறது.

பெந்தோங்கில் ஒரு டயர் கடையில் நிறுத்தினேன். வெளியிலிருந்து பார்த்தால் டயர் புதுசு மாதிரியே இருந்தது. காரை ஜாக்கியில் தூக்கி உள்பக்கம் டார்ச் அடித்தார் கடைக்காரர். இரண்டு பின் டயரிலும் உள்விளிம்பு பொத்தாக், சுத்த மொட்டை. இடது டயரில் கம்பியே தெரிந்தது. அதே டயரின் வெளிப்பக்கத்தில் 5 மில்லிமீட்டர் பள்ளம் பாக்கி.

மறுநாள் பழைய கடைக்குப் போனேன். முதலாளி டயரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "சேப்பாங் ரேஸ் ட்ராக் போற ஆளு நீ. டயர் தேஞ்சிருச்சுன்னு என்கிட்ட வந்து நின்னா எப்படி தம்பி? இறக்குனா கேம்பர் வரத்தான் செய்யும். 86-ல பின்னால கேம்பர் அட்ஜஸ்ட் பண்ண முடியாது. நோர்மல்லா." கையோடு 1,800 ரிங்கிட்டுக்கு அட்ஜஸ்டபிள் ஆர்ம் (சக்கரத்தின் சாய்வை மாற்ற உதவும் கை) போடச் சொன்னார்.

இதில் பாதி உண்மை. அதனால்தான் நான் கிட்டத்தட்ட ஏமாந்தேன்.

இறக்கினால் பின் சக்கரத்தின் தலை உள்ளே சாயும். அதுதான் நெகட்டிவ் கேம்பர். 86-ல் அதைத் திருத்த வேறு ஆர்ம் வேண்டும் என்பதும் சரி. ஆனால் 2 டிகிரி கேம்பரோடு பலர் பல்லாயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிறார்கள். 7,000-த்தில் கம்பியைக் காட்டுவது டோ, அதாவது சக்கரம் பார்க்கும் திசை. சக்கரம் நேராகப் பார்க்காமல் கொஞ்சம் வெளியே பார்த்து நின்றால், கார் நேராகப் போக, டயர் ரோட்டில் பக்கவாட்டில் இழுபட்டுக்கொண்டே வரும். பின் டோவைத் திருத்த 86-ல் கம்பெனி போல்ட்டே இருக்கிறது, ஸ்பேனர் போதும். அந்த போல்ட்டைப் பற்றி முதலாளி வாயே திறக்கவில்லை.

சேப்பாங் போனது உண்மைதான், இரண்டு முறை. அந்த ட்ராக் 5.543 கிலோமீட்டர், வலமாகச் சுற்றும், 15 வளைவில் 10 வலது வளைவு. பாரமெல்லாம் இடது டயர் மேல் விழும். அதிலும் 86-க்கு முன் சக்கரத்தில் கேம்பர் கிட்டத்தட்ட பூஜ்யம் என்பதால் வளைவில் டயர் வெளித்தோளில் ஏறி நிற்கும். என் இடது முன் டயரின் வெளித்தோள் சொரசொரவென்று கடிபட்டிருக்கிறது. அது என் கைங்கரியம், ஒத்துக்கொள்கிறேன். பின் டயரை நான் ஆக்ஸிலரேட்டரில் சுழற்றித் தீய்த்திருந்தாலும் அகலம் முழுக்கத் தேய்ந்திருக்க வேண்டும். உள்விளிம்பு மட்டும், அதுவும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, கையால் தடவினால் ஒரு திசையில் வழுக்கி மறு திசையில் ரம்பப் பல் மாதிரிப் பிடிக்கிறது என்றால், அது ஓட்டுகிறவன் கால் செய்த வேலை இல்லை.

ஷா ஆலமில் வேறு கடையில் அளந்தேன். பின் கேம்பர் 2 டிகிரிக்குச் சற்று மேல். டோ ஒவ்வொரு சக்கரத்திலும் 0.4 டிகிரி வெளியே. கேட்டால் சின்ன எண்தான். ஆனால் கணக்குப் போட்டால் கிலோமீட்டருக்கு 7 மீட்டர் பக்கவாட்டு இழுவை. 7,000 கிலோமீட்டருக்கு 49 கிலோமீட்டர். இரண்டு டயரையும் கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் தாண்டி வரைக்கும் குறுக்கே தேய்த்துக்கொண்டு போயிருக்கிறேன். மழையில் பின்பக்கம் நெளிந்ததற்கும் இதே டோதான் காரணம், மொட்டை டயர் அதற்கு எண்ணெய் ஊற்றியது.

பழைய தாளை ஷா ஆலம் கடையில் அளந்த பையனிடம் நீட்டினேன். பார்த்துவிட்டுச் சிரித்தான். "உங்ககிட்ட வியோஸ் வேற இருக்கா அண்ணே?"

தாளின் தலையில் டொயோட்டா வியோஸ் என்று இருந்தது. மெஷின் சும்மா பச்சை காட்டாது. நாம் தேர்ந்தெடுத்த மாடலின் அளவுக்குள் இருந்தால்தான் காட்டும். எனக்குக் கிடைத்தது இன்னொரு காருக்கான பச்சை. வியோஸுக்குப் பின்னால் இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒற்றை பீம், சாதாரணக் கடையில் திருத்த எதுவுமில்லை. அதனால் முன் சக்கரம் மட்டும் பார்த்திருக்கிறார்கள். பின் சக்கரக் கட்டங்களில் வெறும் கோடு. ஐந்து மாதமாக அது என் டேஷ்போர்டுக்குள்ளேயே கிடந்தது. நானும் ஒரு முட்டாள்தான்.

நீங்கள் போனால் காசு கொடுக்குமுன் தாளில் உங்கள் கார் பெயர் இருக்கிறதா பாருங்கள், நான்கு சக்கரத்துக்கும் திருத்துவதற்கு முன்பு இருந்த அளவு, திருத்திய பிறகு வந்த அளவு இரண்டும் கேளுங்கள். புது ஸ்பிரிங் கொஞ்சம் ஓடிய பிறகு இன்னும் இறங்கும், மறுபடி ஒரு தடவை அளக்க வேண்டும். மாதம் ஒருமுறை குனிந்து டயரின் உள்பக்கம் பாருங்கள்.

ஷா ஆலம் கடையில் பின் டோவைச் சரிசெய்ய ஆன செலவு 120 ரிங்கிட். ஆர்ம் எதுவும் போடவில்லை. அதன் பிறகு 4,000 கிலோமீட்டர் ஓட்டிவிட்டேன். புது பின் டயரில் உள்பக்கத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும் வித்தியாசம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. சேப்பாங்கும் ஒருமுறை போய்வந்தேன்.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டி மனு கொடுத்திருக்கிறேன். பின் டயர் இரண்டுக்கும் அலைன்மென்ட்டுக்கும் மட்டும்தான் கேட்டிருக்கிறேன், முன் டயரைச் சேர்க்கவில்லை. விசாரணைத் தேதி இன்னும் வரவில்லை. மனுவோடு முதல் இணைப்பாக வியோஸ் தாளின் நகலை வைத்திருக்கிறேன்.