சுவரா, ஆற்றுக்கு இடமா?

வெள்ளத் தடுப்புக்கான கருத்துக் கேட்புக் கூட்டத்தில் முதலில் எழும் கேள்வி, "எது நன்றாகத் தடுக்கும்?" என்பதுதான். நான் வேறொன்றைக் கேட்பேன்: தாங்காத நாளில் அது எப்படித் தோற்கும்? எந்தத் தடுப்புக்கும் ஓர் அளவு உண்டு. ‘நூறாண்டு வெள்ளம்' என்ற பெயரை நம்பி, இனி நூறு வருஷம் கவலையில்லை என்று நினைத்துவிடக் கூடாது. ஆண்டுக்கு 1 சதவீத வாய்ப்பு என்பதே அதன் பொருள். ஒரே வீட்டில் 30 ஆண்டு இருந்தால் அதை ஒருமுறையாவது பார்க்க 26 சதவீத வாய்ப்பு. நாலில் ஒன்றுக்கும் சற்று மேல்.

முதலில் சுவர். அதிக இடம் கேட்காது; ஆற்றை ஒட்டிக் கடைகளும் வீடுகளும் நெருக்கியடிக்கும் தெருவில் பல நேரம் வேறு வழியும் இருக்காது. ஆனால் தோற்றால் ஒரேயடியாகத் தோற்கும். 2005 புயலில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்து 17ஆம் தெருக் கால்வாயில் தண்ணீர் சுவரின் உச்சியைத் தாண்டவே இல்லை; அடிமண் நழுவிச் சுவர் சாய்ந்தது. அங்கும் பிற இடங்களிலும் ஏற்பட்ட உடைப்புகளால் நகரத்தில் சுமார் 80 சதவீதம் மூழ்கியது.

"சுவர் வந்தால் ஆறு தெரியாதே" என்று யாராவது சொன்னால் மேடையில் இருப்பவர்கள் லேசாகச் சிரிப்பார்கள். சிரிக்க ஒன்றுமில்லை. ஆறு கண்ணில் பட்டால்தான் நீர் ஏறுவதும் தெரியும். சில ஊர்களில் சுவரின் மேல்பகுதிக்குக் கண்ணாடிப் பலகை பதிப்பது இதற்காகவும்தான்.

அதைவிடக் கூர்மையான கேள்வி, "எங்கள் தெரு மழைத்தண்ணீர் எங்கே போகும்?" என்பது. சுவருக்கு அடியில் போகும் வடிகால் குழாயின் வாயில் ஒரு மடக்குக் கதவு தொங்கும். உள்ளிருந்து வரும் நீர் அதைத் தள்ளித் திறக்கும். ஆறு உயர்ந்தால் ஆற்று நீர் வெளியிலிருந்து அழுத்திச் சாத்திவிடும். இடுக்கில் ஒரு மரக்குச்சி சிக்கினால் போதும், கதவு சரியாக மூடாது. சுவர் கம்பீரமாக நிற்க, ஆறு வடிகால் வழியே வீட்டுக் குளியலறைக்கு வந்து சேரும். கதவு ஒழுங்காக மூடினாலும் உள்ளே தேங்கும் மழைநீரை இறைக்க பம்பு வேண்டும். மின்சாரம் போனால் அதை ஓட்ட ஜெனரேட்டரும் வேண்டும்.

கழற்றி மாட்டும் அலுமினியத் தடுப்பு பார்வையை மறைக்காது. 2002 வெள்ளத்தில் செக் தலைநகர் பிராகின் பழைய நகரத்தைக் காப்பாற்றியது அதுதான். ஆனால் முன்னெச்சரிக்கையும் ஆட்களும் நேரத்துக்கு வர வேண்டும். சில மணி நேரத்தில் பொங்கும் சிற்றாற்றுக்கு இது சரிப்படாது.

அப்புறம், ஆற்றுக்கு இடம் விடுவது. நெதர்லாந்தின் நைமேகனில் கரையை 350 மீட்டர் பின்னுக்கு நகர்த்தி, புதிதாக ஒரு கிளைக் கால்வாய் வெட்டினார்கள். வெள்ள மட்டம் சுமார் 35 செ.மீ. குறைந்தது. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்பார்கள். வாசற்படியில் நீர் நிற்பவருக்கு அந்தச் சாண்தான் எல்லாமே. இந்த வழியில் அளவு மீறினாலும் நீர் பெரும்பாலும் மெல்ல ஏறும், பாத்திரம் பண்டத்தை மேலே தூக்கிவைக்க நேரம் கிடைக்கும். அதனால் என் வாக்கு இதற்கே.

விலையும் சின்னதல்ல: நைமேகனில் சுமார் 50 வீடுகள் போயின. வீடு இழப்பவர்களின் கோபம் இழப்பீட்டுத் தொகையால் மட்டும் ஆறாது. அதே நாட்டின் ஓவர்டீப் பகுதியில் விவசாயிகள் எதிர்ப்போடு நிற்காமல், மேடு எழுப்பி அதன் மேல் பண்ணைகளைக் கட்டித் தரும்படி தாங்களே ஒரு திட்டம் கொடுத்தார்கள். அரசு அதை ஏற்றது. கோடு போட்டு முடித்தபின் கூட்டம் கூட்டியிருந்தால் இது நடந்திருக்காது.

மேல்பகுதி ஓடைகளில் மரக்கட்டைத் தடுப்பு வைத்து நீரைத் தாமதிக்கும் முறையை இங்கிலாந்தின் பிக்கரிங்கில் செய்தார்கள், கூடவே ஒரு தேக்கக் கரையும் கட்டினார்கள். சின்ன ஆற்றுக்கு நல்ல துணை. பெரிய ஆற்றை இதை மட்டும் நம்பி விட முடியாது.

இடம் இருக்கும் பக்கம் கரையைத் தள்ளிவையுங்கள், நெருக்கும் தெருவில் சுவர் கட்டுங்கள். எதிர்க்கரைக்காரர்களையும் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். இங்கே சுவர் உயர்ந்தால் நீர் அங்கே ஏறலாம். அந்த மடக்குக் கதவை மழைக்கு முன் யார் சுத்தம் செய்வது, எந்தக் கணக்கில் செலவு என்பதை, கூட்டம் கலைவதற்குள் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.