பார்க்லியா, சேஸா? 2025 ஃபேன்டஸி சீசனுக்கு முன்

ஃபேன்டஸி என்றால், நிஜ அமெரிக்கக் கால்பந்து (NFL) வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுத்து நாமே அணி அமைப்பது; அவர்கள் ஆட்டத்துக்கு ஏற்ப நமக்குப் புள்ளி. முதல் சுற்றில் பந்தோடு ஓடும் ரன்னிங் பேக் சாக்வான் பார்க்லியை எடுத்த அணி, பந்தைப் பிடிக்கும் ரிசீவர் ஜமார் சேஸை எடுத்த அணி: இரண்டில் எது மேல்? என் ஓட்டு சேஸ் அணிக்கே.

2024-இல் பார்க்லி ஓடியே 2,005 கெஜம் சேர்த்தார். அசுர ஆட்டம்! ஆனால் அதற்காக, பிளே ஆஃப் சேர்க்காமலே 345 முறை பந்தைத் தூக்கிக்கொண்டு தடுப்பாட்டக்காரர்கள் மேல் மோதினார். அவ்வளவு அடி வாங்கிய உடம்பு மறுவருடமும் அப்படியே ஓடுமா? பயமாகத்தான் இருக்கிறது. அதே ஆண்டு பலர் முதல் ஆளாக எடுத்த இன்னொரு ரன்னிங் பேக் மெக்காஃப்ரி, காயத்தால் 4 ஆட்டம்தான் ஆடினார்.

அந்த 2024-இல் சேஸ் 127 கேட்ச், 17 டச் டவுன் (எதிரணியின் கடைசி எல்லைக்குள் பந்தைச் சேர்ப்பது). கேட்ச்சுக்கு ஒரு புள்ளி தரும் லீக்கில் பிடித்ததற்கே 127 புள்ளி. பார்க்லிக்கு அந்த வகையில் 33தான். கேட்ச்சுக்குப் புள்ளியே இல்லாத லீக் என்றால் பார்க்லி அணிதான் முன்னால். சேஸ் அணிக்காரர்கள் நல்ல ரன்னிங் பேக்கை மூன்றாம் சுற்றுக்கு மேல் தள்ளிப்போட வேண்டாம்.