250 கேவிஏ ஒன்றா, 125 கேவிஏ இரண்டா?

எழுபது படுக்கைகள் கொண்ட எங்கள் மருத்துவமனையின் பழைய 250 கேவிஏ (கிலோவோல்ட்-ஆம்பியர், ஜெனரேட்டரின் அளவைச் சொல்லும் அலகு) டீசல் ஜெனரேட்டரை 2022-இல் மாற்ற வேண்டி வந்தது. அதே அளவில் புதிய செட் ஒன்றை வைப்பதா, 125 கேவிஏ செட்டுகள் இரண்டை, அவற்றின் மின்சாரத்தை ஒத்திசைத்து ஒன்றாக்கும் சிங்க்ரனைசிங் பேனல் வழியே இணைத்து வைப்பதா என்று கேள்வி எழுந்தபோது, மின் பராமரிப்பைப் பார்த்துக்கொள்பவன் என்ற முறையில் நான் இரண்டாவதையே கேட்டேன், நிர்வாகமும் ஒப்புக்கொண்டது. ஆகவே இதை நடுநிலையான தீர்ப்பாக யாரும் படிக்க வேண்டாம்.

எல்லோரும் அறிந்த வாதங்களை விரைவில் முடித்துவிடலாம். இரண்டில் ஒன்று பழுதானாலும் தீவிர சிகிச்சைப் பிரிவும் அறுவை அரங்கும் இருளாது. ஒற்றைச் செட்டுக்கு இடம் குறைவு, அடித்தளம் ஒன்று போதும், புகைக்குழாய் ஒன்று போதும். எங்களுக்கு வந்த விலைப்பட்டியல்களில் இரட்டை ஏற்பாடு, பேனலையும் சேர்த்து, ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கூடுதலாக இருந்தது.

என் முடிவைத் தீர்மானித்தது இவை எதுவுமன்று, இரவுச் சுமைதான். பகலில் ஏசி, சிடி ஸ்கேன், லிஃப்ட், பம்புகள் எல்லாம் ஓடும்போது எங்கள் உச்சத் தேவை 150 கிலோவாட். இரவு பதினொரு மணிக்கு மேல் அது 38 கிலோவாட்டுக்கு இறங்கிவிடும். 250 கேவிஏ என்பது 0.8 திறன் காரணியில் (கேவிஏவில் எவ்வளவு பங்கு பயன்படும் கிலோவாட்டாகிறது என்ற விகிதம்) 200 கிலோவாட் ஆகையால், இரவில் அந்தப் பெரிய எஞ்சின் தன் திறனில் 19 விழுக்காட்டில்தான் ஓடுகிறது. 2012-இல் சென்னைக்கு வெளியே நாளுக்குப் பத்து மணி நேரத்தையும் தாண்டி மின்சாரம் நின்ற காலத்தில், பகல் முழுவதும் நிறைந்த சுமையில் ஓடியதால் அந்தக் குறை வெளியே தெரியவில்லை. மின்வெட்டு குறைந்து, காற்று மழை இரவுகளில் மட்டும் செட் ஓடத் தொடங்கிய பிறகே சிக்கல் தலைகாட்டியது.

டீசல் எஞ்சினைக் குறைந்த சுமையில் நெடுநேரம் ஓட்டினால் சிலிண்டர் போதிய சூடேறாது. தெளிக்கப்படும் டீசல் முழுதும் எரியாது. சிலிண்டருக்குள் எரிந்த வாயுக்களின் அழுத்தம் குறைவாக இருப்பதால் பிஸ்டன் ரிங்குகள், சிலிண்டரின் உள்ளுறையான லைனரின் சுவரோடு சரியாகப் படியாமல் எஞ்சின் ஆயிலும் மேலேறும். எரியாத டீசலும் ஆயிலும் கரியும் கலந்து புகைவழியில் படிவதைத்தான் ‘வெட் ஸ்டாக்கிங்’ என்கிறார்கள். எங்கள் பழைய செட்டில் டர்போவை (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) அடுத்த, வளைந்து கொடுக்கும் பெல்லோஸ் குழாய் இணைப்பிலிருந்து தார் போன்ற கறுப்புத் திரவம் வடிந்தது. டர்போவின் ஆயில் சீல் போய்விட்டதென்று மெக்கானிக் அதைக் கழற்றிப் பார்த்தார், சீலில் குறையில்லை. வடிந்ததைப் பனியன் வேஸ்ட்டால் துடைத்து முகர்ந்தபோது பச்சை டீசல் வாடை அடித்தது. செயற்கையாகச் சுமை தரும் லோட் பேங்க் என்ற கருவியை வாடகைக்கு வரவழைத்து, 150 கிலோவாட்டில் நான்கு மணி நேரம் ஓட்டினோம். புகைக்குழாயில் படிந்திருந்த கரி செதில் செதிலாகப் பறந்து, செவிலியர் விடுதி மாடியில் காய்ந்த துணிகளில் விழுந்ததற்கு நான் கேட்ட வசவு தனிக்கதை. குழாய் சுத்தமாயிற்று, ஆனால் லைனர் சுவர் கண்ணாடி போல் வழவழப்பாகிவிட்டிருந்ததால், ஆயில் குடிப்பது நிற்கவில்லை.

அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் என்எஃப்பிஏ 110 நெறி, அவசர ஜெனரேட்டர்களை மாதம் ஒருமுறை குறைந்தது 30 விழுக்காட்டுச் சுமையில் 30 நிமிடம் ஓட்டிப் பார்க்கச் சொல்வது இதனால்தான். 125 கேவிஏ செட் ஒன்றில் எங்கள் இரவுச் சுமை 38 விழுக்காடு. அந்த எல்லைக்கு மேலேயே நிற்கிறது. மின்சாரம் போனதும் இரண்டும் கிளம்புகின்றன. சுமை குறைவென்று பேனல் கண்டால் சில நிமிடங்களில் ஒன்றை நிறுத்திவிடுகிறது. மீண்டும் சுமை ஏறினால் நின்றது கிளம்பி இணைகிறது. பகலின் 150 கிலோவாட்டை இரண்டும் பகிர்ந்தால் ஒவ்வொன்றும் 75 விழுக்காட்டில் ஓடும். நான்கு ஆண்டுகளில் புகைக்குழாய் இணைப்புகள் உலர்ந்தே இருக்கின்றன. டீசலிலும் இரவில் மணிக்கு இரண்டு லிட்டருக்கு மேல் மிச்சமாகிறது. ஆனால் ஆண்டுக்கு நூற்றுச் சொச்சம் மணி நேரமே ஓடும் ஏற்பாட்டில் அதைப் பெரிய லாபமாகச் சொல்ல மாட்டேன்.

பராமரிப்பின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆண்டுக்கொருமுறை ஆயிலும் ஃபில்டர்களும் மாற்ற வேண்டும். அது இப்போது இரட்டைச் செலவு. பேட்டரிகளும் இரட்டிப்பு, அவசரத்தில் செட் கிளம்பாமல் போவதற்குப் பெரும்பாலும் பேட்டரியே காரணம் என்பதால் அதில் சிக்கனம் பார்க்க முடியாது. பேனலில் கோளாறு வந்தால் உள்ளூர் எலக்ட்ரீஷியனால் தீர்க்க முடிவதில்லை. ஒருமுறை, மின்னழுத்தத்தைச் சீராக வைக்கும் ஏவிஆர் கருவியின் அமைப்பில் சிறு வேறுபாடு நேர்ந்து, சுமையே இல்லாதபோதும், மின்சாரம் உண்டாக்கும் பகுதிகளான இரண்டு ஆல்டர்னேட்டர்களுக்கிடையே மின்னோட்டம் சுற்றிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடிக்க வெளியூரிலிருந்து ஆள் வர வேண்டியிருந்தது.

பெரிய மோட்டாரைக் கிளப்புவதில் ஒற்றைச் செட்டே மேல். முழு மின்னழுத்தத்தையும் ஒரேயடியாகக் கொடுக்கும் நேரடி ஸ்டார்ட்டரில் மோட்டார் முழுச்சுமை மின்னோட்டத்தைப் போல ஏறத்தாழ ஆறு மடங்கை ஒரு கணம் இழுக்கும். இரட்டை ஏற்பாட்டில் முதலில் தயாராகும் செட் மட்டுமே சில நொடிகள் தனியாகச் சுமை தாங்குவதால், உயிர்காக்கும் சுற்றுகளை முதலிலும், ஏசி கம்ப்ரசர்களை இரண்டாவது செட் இணைந்த பிறகும் ஏற்றும்படி வரிசைப்படுத்தினோம். இந்த வரிசையை வடிவமைப்பிலேயே எழுதி வாங்காதவர்கள் இரட்டைச் செட் பக்கம் போக வேண்டாம்.

2023 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் புதிய விதிகளுக்கு முந்தையவை என் செட்டுகள். புதியவற்றில் புகையைச் சுத்திகரிக்கும் கருவிகள் வேலை செய்யப் புகை போதிய சூட்டில் வர வேண்டும் என்பதால், குறைந்த சுமைக் கவலை அங்கே கூடுமே தவிரக் குறையாது என்று கருதுகிறேன். ஆனால் இது கையால் தொட்டுப் பார்த்து அறிந்ததன்று. இரவும் பகலும் சுமை ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும் குளிர்பதனக் கிடங்கு போன்ற இடத்துக்கு என்னிடம் யோசனை கேட்டால், ஒற்றைச் செட்டையே சொல்வேன்.