போர்ச் செய்தி கேட்க ஒரு சிற்றலைப் பெட்டி: டெக்சன் பிஎல்-330, கடலூர்–புதுச்சேரி கடற்கரை நிலவரம்

பாட்டு கேட்க ரேடியோ தேடுகிறவர்கள் இதை வாங்க வேண்டாம். புதுச்சேரி ரெயின்போ 102.8 கடலூர் வரைக்கும் எந்த மலிவுப் பெட்டியிலும் வருகிறது. டெக்சன் பிஎல்-330 வேறு வேலைக்கான சிற்றலை (ஷார்ட்வேவ்) ரேடியோப் பெட்டி. எங்கோ நடக்கும் போரைப் பற்றி அதில் சண்டை போடும் நாடு, அதற்குப் பணம் கொடுக்கும் நாடு, ஒதுங்கி நின்று பார்க்கும் நாடு என்று மூன்று தரப்பும் சொல்வதை ஒரே இரவில் அடுத்தடுத்துக் கேட்க உதவுவது. அந்த வேலைக்கு இது எவ்வளவு தூரம் உதவும், உப்புக்காற்றில் எவ்வளவு நாள் தாங்கும் என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம்.

போனில் கிடைக்காததா என்ற கேள்வி நியாயமானது. இந்தியாவில் தனியார் பண்பலைகள் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப அனுமதி இல்லை. ஆகாசவாணியின் செய்தி அறிக்கையை அப்படியே எடுத்துப் போடலாம், அவ்வளவுதான். சமுதாய வானொலிகளுக்கும் இதே கட்டுதான். ஆக, உள்ளூர் ரேடியோவில் வெளிநாட்டுப் போர் பற்றி ஒரே ஒரு சமையலறையிலிருந்துதான் சாப்பாடு வருகிறது. இணையத்தில் கதவு நிறைய உண்டு, ஆனால் பூட்டு வேறு ஒருவர் கையில். 2022 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய அரசு ஊடகங்களான ஆர்டி, ஸ்புட்னிக் இரண்டையும் தடை செய்தது. அதே வாரத்தில் ரஷ்யா பிபிசி இணையதளத்தை முடக்கி, ராணுவத்தைப் பற்றிப் 'பொய்ச் செய்தி' பரப்பினால் 15 ஆண்டு வரை சிறை என்று சட்டம் கொண்டுவந்தது. அப்போது பிபிசி செய்த காரியம் கவனிக்கத்தக்கது. 15735, 5875 கிலோஹெர்ட்ஸ் என்று இரண்டு சிற்றலை அலைவரிசைகளை எடுத்து, உக்ரைனுக்கும் ரஷ்யாவின் சில பகுதிகளுக்கும் தினமும் நான்கு மணி நேரம் ஆங்கிலச் செய்தியை அனுப்பியது. சிற்றலை, வளிமண்டலத்தின் மேலடுக்கான அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி இறங்குவது. யார் கேட்கிறார் என்பது அனுப்புகிறவருக்கும் தெரியாது, நடுவில் இருக்கிற அரசுக்கும் தெரியாது. 1908-இல் புதுச்சேரிக்கு இடம்பெயர்ந்த பாரதியின் 'இந்தியா' பத்திரிகையை ஆங்கில எல்லைக்குள் வரவிடாமல் தடுத்தே 1910-இல் நிற்க வைத்தார்கள். காகிதத்தைப் புதுச்சேரி எல்லையான முள்ளோடையில் மறிக்கலாம், அலையை மறிக்க முடியாது.

மறிக்க முடியாதே தவிர, கெடுக்க முடியும். அதைப் பிறகு சொல்கிறோம்.

முதலில் பெட்டி. கைக்கு அடக்கமான அளவு. பண்பலை, மத்திய அலை, நெட்டலை, சிற்றலை நான்கும் உண்டு. சிற்றலை 1711-லிருந்து 29999 கிலோஹெர்ட்ஸ் வரை இடைவெளி இல்லாமல் போகிறது. ஒற்றைப் பக்கப்பட்டை (எஸ்எஸ்பி) வசதி இருப்பதால், பொழுதுபோக்காகத் தங்களுக்குள் அலைவழி பேசிக்கொள்ளும் ஹாம் ரேடியோக்காரர்கள் பேசுவதும் புரியும் குரலில் கேட்கும் (கேட்கலாம், பதில் பேச உரிமம் வேண்டும்). மின்கலம் பழைய நோக்கியா போன்களில் இருந்த பிஎல்-5சி. நேரு வீதியிலோ திருப்பாதிரிப்புலியூரிலோ எந்த மொபைல் கடையிலும் கிடைக்கும். இது பெரிய வசதி. ஆனால் மலிவு பிஎல்-5சி சில மாதத்தில் உப்பும். உப்பிய மின்கலம் மூடியைத் தள்ளும்போது பலகையோடு உள்ள தொடுமுனை வளைந்துவிடும். மின்கல அறையை மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். சார்ஜ் மைக்ரோ யுஎஸ்பி வழியாக. சார்ஜ் ஏறும்போது கேட்கவே கேட்காதீர்கள், சார்ஜரின் இரைச்சல் முழுவதும் சிற்றலையில் வந்து விழும்.

வாங்கியதும் முதல் வேலை, மத்திய அலை இடைவெளியை 9 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றுவது. அமெரிக்க வழக்கப்படி 10-இல் இருந்தால் தானியங்கித் தேடல் 1210-க்குப் போகும், 1220-க்குப் போகும், நடுவில் இருக்கிற புதுச்சேரி வானொலியின் 1215-ஐத் தாண்டிவிடும். 'பெட்டி பழுது' என்று நினைத்துத் திருப்பி அனுப்பிவிட வேண்டாம். இரண்டாவது வேலை கடிகாரம். உலக நிலையங்களின் அட்டவணை எல்லாம் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கும். நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி நேரம் கழிக்க வேண்டும். பெட்டியின் கடிகாரத்தையே யுடிசியில் வைத்துவிட்டால் நள்ளிரவுக் கணக்குத் தலைவலி போகும்.

இதன் சிறந்த அம்சம், நிலையங்களைத் தானே தேடிச் சேமிக்கும் இடிஎம் பிளஸ். சாதாரணத் தேடலில் கிடைத்த நிலையங்களை ஒரே பட்டியலில் போட்டு, அடுத்த தேடலில் அழித்துவிடும். இடிஎம் பிளஸ் மணி வாரியாகத் தனித்தனிப் பட்டியல் வைக்கிறது. இரவு எட்டு மணிக்குக் கிடைத்தது காலை ஆறு மணித் தேடலில் அழியாது. சிற்றலை நிலையங்கள் பெரும்பாலும் யுடிசி மணியின் தொடக்கத்திலோ அரை மணியிலோ அலைவரிசை மாறுவதால், ஐந்து நிமிடம் கழித்துத் தேடலை ஓட்டுங்கள். மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் உலகம் முழுக்க அட்டவணை மாறும். அந்த வாரம் பழைய பட்டியலை நம்ப வேண்டாம்.

சிற்றலையின் பகுதிகளை அலைநீளத்தை வைத்து மீட்டர் பட்டை என்பார்கள். இரவில் தேட வேண்டியது 49, 41, 31 மீட்டர் பட்டைகள். பகலில் 25, 19. இதற்கு மேல் விதி எதுவும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

ஒத்திசைவுக் கண்டறிதல் என்று ஒரு வசதி உள்ளே இருக்கிறது. ஒலி மங்கி எழும்போது சிதைவைக் குறைக்க வேண்டியது. இந்த விலைப் பெட்டியில் அது அரைகுறை. பிடிப்பு அடிக்கடி நழுவி ஊளையிடும். அதைவிடப் பட்டை அகலத்தை, அதாவது பெட்டி ஒரே சமயத்தில் உள்ளே விடும் அலைகளின் அகலத்தை, 2.5 கிலோஹெர்ட்ஸுக்குக் குறைப்பது பலன் தருகிறது. குரல் போர்வைக்குள்ளிருந்து வருவது போலிருக்கும், ஆனால் எண்களும் பெயர்களும் தெளிவாக விழும். போர்ச் செய்திக்கு அதுதானே முக்கியம்.

பெட்டியைவிட வீடுதான் பெரிய பிரச்சினை. எல்இடி விளக்கு, இன்வெர்ட்டர், ஃபைபர் இணைய மோடம், மின்விசிறி ரெகுலேட்டர் இவை நான்கும் சிற்றலையைக் கொல்லும். சோதனை எளிது. மின்கலத்தில் ரேடியோவை ஓடவிட்டு மெயின் சுவிட்சை அணையுங்கள், இன்வெர்ட்டரையும் சேர்த்து. இரைச்சல் அடங்கினால் குற்றவாளி வீட்டுக்குள் இருக்கிறான். ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். அடங்காவிட்டால் பக்கத்து வீடு அல்லது தெருவிளக்கு, அதற்கு மொட்டைமாடிதான் வழி. கான்கிரீட் கூரையின் கம்பிவலை அலையைத் தடுப்பதால் மாடிக்குப் போனாலே பாதி வேலை முடிந்தது.

கூடுதல் ஏரியலுக்குக் கடைக்குப் போக வேண்டாம். ஐந்து மீட்டர் காப்பிட்ட மெல்லிய வயர், முனையில் ஒரு முதலைவாய்க் கிளிப். பெட்டியின் கம்பியில் மாட்டி, மறுமுனையை மின்கம்பிக்கு எதிர்ப்புறம் கட்டுங்கள். நீளம் கூடினால் நல்லது என்று இருபது மீட்டர் கட்டுகிறவர்கள் உண்டு. இந்தச் சிறு பெட்டி அதைத் தாங்காது, வலுவான நிலையம், தான் இல்லாத அலைவரிசையிலெல்லாம் பேயாகத் தோன்றும். வடகிழக்குப் பருவமழையில் இடி கேட்டதும் வயரைக் கழற்றிவிட வேண்டும். வீட்டுக்கு வெளியே நீட்டிய வயர் இடிமின்னலின்போது பெட்டியை மட்டுமல்ல, பிடித்திருக்கும் ஆளையும் பாதிக்கும்.

தேவனாம்பட்டினம், சில்வர் பீச், வைத்திக்குப்பம் பக்கம் வசிப்பவர்களுக்கு: ஏரியல் கம்பியின் மூட்டுகளை உப்பு அரிக்கும். பயன்படுத்திய பிறகு உலர்ந்த துணியால் துடைத்து மடக்குங்கள். ஹெட்போன் துளையில் பச்சை பூத்தால் ஒரு பக்கத்து ஒலி செத்துவிடும். ஜிப் பைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்தால் போதும். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் இந்தக் கரையைக் கடந்தபின் மின்சாரம் இல்லாமல் கிடந்த நாட்களை நினைத்தால், மின்கலத்தில் ஓடும் ஒரு பெட்டி வீட்டில் இருப்பது போர் இல்லாவிட்டாலும் வீண் போகாது.

இனி, என்ன கேட்கும்? இங்கேதான் வாங்குபவர் ஏமாறக்கூடும். ரேடியோ ஆஸ்திரேலியா 2017 ஜனவரி 31-இல் சிற்றலையை நிறுத்தியது. நம் கரையில் ஈழப் போர்க் காலம் முழுக்க வீடுதோறும் கேட்ட பிபிசி தமிழோசை, 1941-இல் தொடங்கியது, 2017 ஏப்ரல் 30-இல் வானொலியாக முடிந்தது. வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவின் ஊழியர்களை 2025 மார்ச்சில் அமெரிக்க அரசே விடுப்பில் அனுப்பி வாயை அடைத்தது. மிச்சமிருக்கும் இடத்தில் சீன வானொலி உரக்கக் கேட்கிறது, வலுவான சிக்னல், தெளிவான ஆங்கிலம். பெட்டி நடுநிலையானது, ஆனால் அதில் கிடைப்பது நடுநிலையானதாக இருக்காது. யார் மின்கட்டணம் கட்டத் தயாராக இருக்கிறாரோ அவர் குரல்தான் பலமாக வரும். ஆனாலும் ஒரு நன்மை: அரசு வானொலி மணிக்கொருமுறை தன் பெயரையும் நாட்டையும் சொல்லிவிடும். வாட்ஸ்அப்பில் வரும் போர் வீடியோ அதைச் சொல்வதில்லை.

ஒரு நிலையத்தின் மேல் வேறு நிகழ்ச்சியோ ஓயாத இசையோ ஏறி உட்கார்ந்திருந்தால் அது தற்செயலா, வேண்டுமென்றே அமுக்கும் இடைமறிப்பா என்று கண்டுபிடிக்கலாம். தற்செயல் என்றால் இரண்டும் மாறி மாறி மங்கும், மணி முடிந்ததும் ஒன்று போய்விடும். இடைமறிப்பு என்றால் அடியில் உள்ள நிலையம் அலைவரிசை மாறும்போது மேலே உள்ளதும் கூடவே மாறும், அது முடிந்த நிமிடத்தில் இதுவும் நிற்கும். சீனா தனக்குப் பிடிக்காத சீன மொழி ஒலிபரப்புகளின் மேல் உள்நாட்டு வானொலியைப் போட்டு அமுக்குவது பல ஆண்டுப் பழக்கம். கேட்க முடியாத அலைவரிசையையும் குறித்து வையுங்கள், அதுவும் செய்திதான்.

அமுக்குவதோடு நிற்பதில்லை. 1999 ஏப்ரல் 23-இல் நேட்டோ விமானங்கள் பெல்கிரேடில் செர்பிய அரசுத் தொலைக்காட்சி நிலையத்தைக் குண்டு வீசித் தாக்கியதில் 16 ஊழியர்கள் இறந்தார்கள். 2007 நவம்பர் 27-இல் கிளிநொச்சியில் புலிகளின் குரல் நிலையத்தை இலங்கை விமானப்படை தாக்கியது. 2009 பிப்ரவரியில், தன் நிகழ்ச்சிகளில் கைவைக்கப்படுகிறது என்று சொல்லி பிபிசி இலங்கை அரசு வானொலிக்குச் செய்தி கொடுப்பதை நிறுத்தியது. மூன்றும் மூன்று விதமான அடைப்பு.

கேட்கும் முறைக்கு ஒரு நோட்டு போதும். ஒரே நிகழ்ச்சி, குறைந்தது மூன்று நிலையம், ஒரே இரவு. நேரம், அலைவரிசைக்குப் பிறகு கோடு கிழித்து ஐந்து பத்தி போடுங்கள்: இறந்தவர் எண்ணிக்கையை யார் சொன்னது, நேரில் பார்த்தவர் உண்டா, எந்தத் தரப்பில் இறந்தவருக்குப் பெயர் இருந்தது, பணச்செலவு பற்றி ஏதாவது வந்ததா, மற்ற இரண்டில் வந்து இதில் வராதது என்ன. ஐந்தாவது பத்திதான் எல்லாவற்றிலும் பயன் அதிகம். நான்காவது பத்தி பெரும்பாலும் காலியாகவே கிடக்கும். செலவு தாமதமாக வரும் செய்தி. செப்டம்பர் 11-க்குப் பிந்தைய அமெரிக்கப் போர்களின் செலவு சுமார் 8 லட்சம் கோடி டாலர் என்று பிரவுன் பல்கலைக்கழக ஆய்வுத் திட்டம் கணக்குச் சொன்னது 2021-இல், இருபது ஆண்டு கழித்து. அதற்கு முன்பே சந்தை சொல்லிவிடும். 2022-இல் சூரியகாந்தி எண்ணெய் விலை எகிறியதற்கு, நம் இறக்குமதியில் பெரும்பங்கு உக்ரைனிலிருந்து வந்ததுதான் காரணம். 2023 நவம்பரில் ஏமனின் ஹூதி படையினர் செங்கடலில் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியதும் சரக்குக் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின. ஆகவே போர்ச் செய்தியோடு நிறுத்தாமல் அதே நிலையத்தின் வணிகச் செய்தியையும் கேளுங்கள். முன்பகுதியில் 'வெற்றி' என்றவர்கள் பின்பகுதியில் காப்பீட்டுக் கட்டணம் பற்றி முனகுவது அடிக்கடி நடக்கும்.

செய்தி தாமதித்தால் என்ன ஆகும் என்பதற்குக் கடலூரே சாட்சி. பிரிட்டனும் பிரான்சும் 1783 ஜனவரி 20-இல் வெர்சாயில் முதற்கட்டச் சமாதானத்தில் கையெழுத்திட்டுவிட்டன. அது தெரியாமல் ஜூன் 13-இல் கடலூர்க் கோட்டைக்கு வெளியே ஆங்கிலப் படை பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியின் படையோடு மோதி ஏறக்குறைய ஆயிரம் பேரை இழந்தது. ஜூன் 20-இல் கடலில் சண்டை. சமாதானச் செய்தியோடு கப்பல் வந்தது ஜூன் கடைசியில். இன்று தாமதம் ஐந்து மாதமில்லை, ஆனால் சண்டை நிறுத்தப் பேச்சு நடப்பதை ஒரு தரப்பு வானொலி சொல்லியும் மறுதரப்பு இரண்டு நாள் வாயே திறக்காததை இந்தப் பெட்டியில் பிடிக்கலாம்.

வாங்கும்போது கவனிக்க: பெரும்பாலும் இறக்குமதி விற்பனையாளர் வழியாகத்தான் வருகிறது, விலை ஆளுக்கு ஆள் மாறும், உள்ளூரில் பழுது பார்ப்பவர் அரிது. திருப்பி அனுப்பும் வசதி இல்லாத இடத்தில் வாங்க வேண்டாம். வந்ததும் பட்டியல் சோதனை: ஏரியல் கம்பி முழுதாக நீள்கிறதா, ட்யூனிங் சக்கரம் ஒரு சொடுக்குக்கு ஒரு படிதான் நகர்கிறதா, ஹெட்போனில் இரண்டு காதும் வருகிறதா, பிஎல்-5சி உப்பாமல் தட்டையாக இருக்கிறதா. இரைச்சல் சோதனையில் மொட்டைமாடியிலும் இரைச்சல் அடங்காத வீடு என்றால், அதாவது உயரழுத்த மின்கம்பிக்கு அடியிலோ டிரான்ஸ்பார்மர் பக்கத்திலோ குடியிருந்தால், பணத்தைச் செலவழிக்காதீர்கள். அவர்களுக்கு இணையத்தில் இலவசமாகத் திறந்திருக்கும், நாமே ட்யூன் செய்து கேட்கக்கூடிய வெப்எஸ்டிஆர் என்ற தொலைதூர ரேடியோப் பெட்டிகள் போதும். நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் வைத்துள்ளது அவற்றில் பெயர் பெற்றது. ஆனால் அதில் கேட்பது ஐரோப்பாவில் விழும் அலை, நம் கரையில் விழுவது அல்ல. இணையம் அறுந்தால் அதுவும் அறுந்துவிடும்.